உப்பைக் கண்டுகொள்ளாத குழல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனவர்களுக்கு உப்பு அம்பாரங்கள் தெரிந்திருக்கும். எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு என்னவோ பாத்தியில் நிற்கிற தண்ணீர் மேல்தான் கண். உப்பளங்களில் வெயில் ஏற ஏற, கடைசிப் பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறமாகும். சில சமயம் பழைய செங்கல் மாதிரி ஒரு சிவப்பு. உப்பு வெள்ளைதானே, அப்புறம் இந்த நிறம் எங்கிருந்து வந்தது? இந்தப் பதிவு அந்தக் கேள்வியில் ஆரம்பிக்கிறது. ஆனால் முடியப்போவது வேறு இடத்தில். அதுவும் மரக்காணம்தான்.

முதலில் உப்பளத்தையே கொஞ்சம் கவனிக்கலாம். அதுவே ஒரு பெரிய பிரித்தெடுக்கும் கருவி. கடல் தண்ணீர் பாமே மானியில் சுமார் மூன்றரை டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாகத் தள்ளத் தள்ள, வெயிலில் நீர் போய் அடர்த்தி ஏறும். முதலில் சுண்ணாம்பு படியும். பதினைந்து டிகிரியை நெருங்கும்போது ஜிப்சம். இருபத்தைந்தைத் தொட்டால்தான் சாப்பாட்டு உப்பு. இருபத்தொன்பது, முப்பது ஆனதும் மிச்சத்தை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். எது எப்போது தண்ணீரை விட்டுப் பிரிகிறது என்பதை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்தியில் பிடித்துவிடுகிறார்கள்.

ஆனால் சிவப்பு மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது உப்புச்சத்து இல்லை, உயிரோடு இருக்கிற ஒன்று. சந்தேகத்துக்குரியவர்கள் ரெண்டு பேர். ஒன்று, துனலியெல்லா சலைனா என்கிற ஒற்றைச் செல் பாசி. உப்பும் வெயிலும் வாட்டும்போது அது பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், உலர்ந்த எடையில் பத்து சதவீதம் வரைகூட. கேரட்டில் இருக்கும் அதே பொருள்தான். இரண்டாவது, ஹாலோஆர்க்கியா எனும் உப்புவிரும்பி நுண்ணுயிர்கள். இவற்றின் சிவப்புக்குக் காரணம் பாக்டீரியோரூபெரின். உப்பில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில், மாதிரி எடுத்த இடமாக மரக்காணம் உப்பளம் வரும். வெறும் கண்ணால் பார்த்து இது பாசியா ஆர்க்கியாவா, எது எவ்வளவு என்று சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். அங்கேதான் எச்.பி.எல்.சி. கருவியும் அதன் ரிவர்ஸ் ஃபேஸ் குழலும் வேண்டியிருக்கிறது.

(ஆய்வகத்தில் யாரும் குழல் என்று சொல்வதில்லை, காலம் என்றுதான் சொல்வோம். "காலம் மாத்தியாச்சா?", "காலம் அடைச்சிருச்சு" என்று தினமும் பேசுவது. எழுத்தில் அது நேரம் என்று படிக்கப்பட்டுவிடும் என்பதால் இங்கே குழல்.)

பார்க்க ஒன்றுமே இல்லை. பேனா நீளத்துக்கு, பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு எஃகுக் குழாய். உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். உள்ளே ஐந்து மைக்ரான் அளவுள்ள சிலிக்கா மணிகள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும், எல்லாம் சேர்த்து சுமார் ஒன்றரை கிராம். ஒவ்வொரு மணிக்குள்ளும் கடற்பாசி மாதிரி துளைகள். ஒரு கிராம் சிலிக்காவின் உள்பரப்பு ஏறக்குறைய 300 சதுர மீட்டர். அப்படியானால் பேனா அளவுக் குழலுக்குள் 450 சதுர மீட்டர் பரப்பு, நம்ம கணக்கில் 11 சென்ட் மனை! அந்த மனை முழுக்கப் பதினெட்டு கார்பன் நீளமுள்ள எண்ணெய்த்தன்மைச் சங்கிலிகளைப் புல் மாதிரி நட்டுவைத்திருக்கிறார்கள். அதனால்தான் சி18 என்று பெயர்.

இப்போது தண்ணீரும் மெத்தனாலும் (அல்லது அசிட்டோநைட்ரைலும்) கலந்த திரவத்தை பம்ப் வைத்து உள்ளே தள்ளுகிறோம். நூறு, இருநூறு பார் அழுத்தம் சாதாரணம். கார் டயரில் ரெண்டு பார் சொச்சம்தான் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் மாதிரியில் ஒரு சொட்டை விடுகிறோம். எண்ணெயை விரும்பும் மூலக்கூறு புல்லில் ஒதுங்கும், தண்ணீரை விரும்புவது ஓட்டத்தோடு போய்விடும். எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் வழிகிறது, சீயக்காய் போட்டால்தான் எண்ணெய் அசைகிறது இல்லையா? இங்கே சீயக்காய் வேலை மெத்தனாலுக்கு. மெத்தனாலைப் பத்து சதவீதம் கூட்டினால், ஒரு பொருள் உள்ளே தங்கும் அளவு ரெண்டு மூன்று மடங்கு குறையும் என்பது நாங்கள் மனசில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

'ரிவர்ஸ்' என்று ஏன் பெயர் வந்தது? ஆரம்பத்தில் குழலுக்குள் இருந்தது தண்ணீரை விரும்பும் பொருள், ஓடியது எண்ணெய்த்தன்மைத் திரவம். 1950ல் ஹோவர்ட், மார்ட்டின் இருவரும் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கப்போய் இதைத் தலைகீழாக்கினார்கள். அதே மார்ட்டின் 1952ல் சிங்குடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார், குரோமடோகிராபியின் இன்னொரு வகைக்காக. முதல் வகையாகச் செய்யப்பட்டது இன்று 'நார்மல்', பின்னால் வந்தது 'ரிவர்ஸ்'. நடைமுறையில் ரிவர்ஸ்தான் எங்கும் இருக்கிறது. மாத்திரை, பூச்சிமருந்து, மஞ்சள்தூளில் குர்குமின் எல்லாமே பெரும்பாலும் இந்தப் புல்வெளியில்தான்.

சரி, மரக்காணத்துத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். உப்பு படியும் பாத்தியின் நீரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட முந்நூறு கிராம் உப்பு. சோடியம், குளோரைடு ரெண்டுக்குமே எண்ணெயைப் பிடிக்காது. அதனால் குழல் உப்பைக் கண்டுகொள்வதே இல்லை. நிமிடத்துக்கு ஒரு மில்லி வேகத்தில் ஓட்டினால் ஒன்றரை நிமிடத்தில் உப்பு வெளியே. குழலில் எங்கும் ஒதுங்காமல் நேராக வருகிற ஒரு பொருளுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும். இதை டெட் டைம் என்போம், செத்த நேரம். இந்தச் செத்த நேரம் பிற்பாடு தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்கைப்படி உப்பால் தொல்லை இல்லை. நடைமுறை வேறு. இவ்வளவு உப்பை அசிட்டோநைட்ரைலுக்குள் விட்டால் அங்கேயே படிகமாகிவிடும். பாஸ்பேட் கரைசலை உள்ளேயே விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமை பம்ப்பைத் திறந்தால் குட்டி மரக்காணம் ஒன்றைப் பார்க்கலாம். அதனால் உப்புநீரை நேராக விடுவதில்லை. சிவப்பு செல்லுக்குள்தான் இருக்கிறது. முதலில் மையவிலக்கில் சுற்றிச் செல்களை அடியில் இறக்க வேண்டும், அப்புறம் கழுவ வேண்டும். கழுவுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல தண்ணீரில் கழுவினால் செல்கள் வெடித்துவிடும். துனலியெல்லாவுக்குக் கெட்டியான செல்சுவரே கிடையாது. ஹாலோஆர்க்கியாவின் உறையும் உப்பு இருந்தால்தான் நிற்கும். எனவே உப்பைப் போக்க உப்புத்தண்ணீரிலேயே கழுவி, அப்புறம் அசிட்டோனிலோ மெத்தனாலிலோ நிறத்தைக் கரைத்து எடுக்க வேண்டும். எல்லாம் இருட்டில், குளிரில். இந்த நிறமிகளுக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது.

குழலில் விட்டதும் கதை தெளிவாகிவிடும். பாக்டீரியோரூபெரினில் ஐம்பது கார்பன்கள் இருந்தாலும் நான்கு ஹைட்ராக்சில் குழுக்கள் தொங்குகின்றன. அவை தண்ணீரை விரும்புபவை, ஆகவே அது சீக்கிரம் வெளியே வரும். பீட்டா கரோட்டினில் நாற்பது கார்பன், ஹைட்ராக்சில் ஒன்றுகூட இல்லை. சுத்த எண்ணெய். அது புல்லில் ஒதுங்கிக் கடைசியில்தான் வரும். அதை நகர்த்தத் தண்ணீரே கலக்காத திரவம் வேண்டியிருக்கும். வெளியே வருகிறபோது ஒளியை எங்கே உறிஞ்சுகிறது என்றும் பார்க்கலாம். பாக்டீரியோரூபெரின் 467, 494, 527 நானோமீட்டர் அருகே மூன்று விரல் காட்டும். பீட்டா கரோட்டின் 450ஐ ஒட்டி. வந்த நேரமும் நிறமும் ஒத்துப்போனால் ஆளை அடையாளம் கண்டாயிற்று. இன்னாரால் இவ்வளவு சிவப்பு என்று எண்ணோடு சொல்லலாம்.

இதோடு விட்டால் சி18 எல்லாம் பார்த்துவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. பீட்டா கரோட்டினுக்கு வடிவங்கள் உண்டு. நேராக நீண்டிருப்பது ஒன்று, ஒன்பதாவது இடத்தில் மடங்கியது இன்னொன்று. ஒரே அணுக்கள், ஒரே எடை, எண்ணெய் விருப்பமும் கிட்டத்தட்ட ஒன்றே. சாதாரண சி18 புல்லுக்கு இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது, ரெண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு வரும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் சாண்டரும் ஷார்ப்லெஸ்ஸும் அவர்களுடைய சகாக்களும் 1994ல் முப்பது கார்பன் நீளப் புல்லை நட்டுப் பார்த்தார்கள். புல் உயரமானதும் நீண்ட மூலக்கூறு அதற்குள் நன்றாக நுழைய முடிந்தது. நேரான ஈர்க்குக்கும் ஒடிந்த ஈர்க்குக்கும் உள்ள வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. சி30ல் நேரானது முதலில் வந்து, ஒன்பதில் மடங்கியது தனியாகப் பின்னால் வரும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்றால், பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்குகிறவருக்கு உண்டு. தொழிற்சாலையில் தயாரிப்பது ஏறக்குறைய முழுவதும் நேரான வடிவம். துனலியெல்லாவில் இருந்து எடுப்பதில் பாதிக்குப் பாதி மடங்கிய வடிவம் இருக்கலாம். 'இயற்கையானது' என்று புட்டியில் எழுதியிருப்பதைச் சோதிக்க சி30 ஒரு நல்ல வழி. நிறத்தைப் பிரித்தெடுக்கும்போது சூடுபடுத்தினால் நேரானதே மடங்கிக்கொள்ளும் என்பதால், அவசரக்காரர்களின் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சி18க்கு இன்னொரு குருட்டுத்தனமும் உண்டு. அவ்வளவு உப்பில் வாழும் பாக்டீரியாக்கள் பல, உள்ளிருக்கும் தண்ணீரை இழக்காமல் இருக்க எக்டோயின் என்ற பொருளைச் செல்லுக்குள் நிரப்பிக்கொள்கின்றன. இன்று முகக்களிம்பிலும் சேர்க்கிறார்கள். ஆனால் அது தண்ணீரை மிகவும் விரும்பும் பொருள். சி18 குழலில் விட்டால் உப்போடு உப்பாகச் செத்த நேரத்திலேயே ஓடிப்போகும். இதற்கு எதிர்க்குணம் உள்ள வேறு குழல் வேண்டும். ஒரே பாத்தித் தண்ணீர், ஒரே நுண்ணுயிர். சி18 மட்டும் வைத்திருப்பவர் சிவப்பைப் பார்ப்பார், எக்டோயின் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இந்த ஓட்டத்தில் ஒரு திரவத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்ததைக் கவனித்திருப்பீர்கள். மெத்தனால். எச்.பி.எல்.சி. ஆய்வகங்களில் அது தண்ணி மாதிரி செலவாகும். மரக்காணத்தைப் பற்றி எழுதிக்கொண்டு இந்தப் பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது.

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்கிற மீனவ கிராமத்தில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. ரெண்டும் சேர்ந்து இருபதைத் தாண்டியது. மாதிரிகளைத் தடய அறிவியல் துறை சோதித்தபின், அது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி, அங்கே அறுபதுக்கும் மேல்.

அப்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்கதான் பெரிய மெஷின் வெச்சிருக்கீங்களே, அந்தப் பாக்கெட்ல ஒரு சொட்டு விட்டா சொல்லிடாதா?" நல்ல கேள்வி. பதில்: சொல்லாது. ஏன் சொல்லாது என்பதற்கான காரணங்கள் எல்லாம் மேலேயே இருக்கின்றன.

மெத்தனாலில் இருப்பது ஒரே ஒரு கார்பன். எண்ணெய்ப் புல்லில் ஒதுங்க அதனிடம் ஒன்றுமே இல்லை. உப்பையும் எக்டோயினையும் போலச் செத்த நேரத்தில் வெளியே வந்துவிடும், கூடவே ஒதுங்காத எல்லாமும். அங்கே ஒரு பீக் தெரிந்தாலும் அது யாருடையது என்று சொல்ல முடியாது. ரெண்டாவது, வழக்கமான புறஊதா ஒளி டிடெக்டருக்கு மெத்தனால் கண்ணாடி மாதிரி. 205 நானோமீட்டருக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றையும் உறிஞ்சாது. அதனால்தான் அதைக் குழலுக்குள் ஓடும் திரவமாகவே வைத்துக்கொள்ள முடிகிறது! மூன்றாவது, ஓடுகிற திரவமே மெத்தனால் என்றால் அதற்குள் மெத்தனாலைத் தேடுவது கடலில் ஒரு குடம் உப்புத்தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேடுகிற வேலை.

தடய அறிவியல் கூடங்களில் இதற்கு வழக்கமாகப் பயன்படுவது ஜி.சி., அதாவது வாயு குரோமடோகிராபி. சாராயத்தையோ ரத்தத்தையோ சின்னக் குப்பியில் விட்டு, ரப்பர் மூடி போட்டு இறுக்கி, மிதமாகச் சூடாக்குவார்கள். ஆவியாகக்கூடியது மேலே இருக்கிற காற்றுக்கு வரும். அந்தக் காற்றை மட்டும் ஊசியால் எடுத்து மெல்லிய நீண்ட குழலுக்குள் அனுப்புவார்கள். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78ல். அந்த வித்தியாசமும் குழலின் தன்மையும் சேர்ந்து ரெண்டையும் தனித்தனி பீக்காகக் காட்டிவிடும். ரத்தத்தின் புரதம், உப்பு எல்லாம் குப்பியிலேயே தங்கிவிடும். இந்த வேலைக்கு இதைவிடச் சுத்தமான முறை இல்லை என்பேன்.

ரிவர்ஸ் ஃபேஸ் குழல்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அதற்கும் சுற்றுவழி உண்டு. மெத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்து பார்மால்டிஹைடு ஆக்கி, அதன்மேல் டி.என்.பி.எச். என்ற எண்ணெய்த்தன்மையுள்ள, மஞ்சள் நிற வாலை ஒட்டவைக்கலாம். இப்போது அது சி18ல் ஒதுங்கும், 360 நானோமீட்டரில் நன்றாகத் தெரியும். காற்றில் இருக்கும் பார்மால்டிஹைடை அளக்க உலகம் முழுக்க இந்த வால் ஒட்டும் முறைதான். ஆனால் சாராயத்தில் எத்தனாலும் இருந்தால் அதுவும் ஆக்சிஜனேற்றமாகி இன்னொரு வாலோடு வரும். வேலை அதிகம், தவறு நுழைய வாசலும் அதிகம். ஜி.சி. கிடைக்காத இடத்துக்கு மட்டும்.

வினோதம் என்னவென்றால் நம் கல்லீரல் செய்வதும் இதே ஆக்சிஜனேற்றம்தான். மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. மெத்தனால் குடித்தவருக்கு முதலில் சாதாரண போதைதான் தெரியும். பார்மிக் அமிலம் சேரச் சேரத்தான் ரத்தம் அமிலமாகும், செல்லின் மூச்சு தடைபடும், பார்வை நரம்பு முதலில் அடிவாங்கும். இதற்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட ஆகலாம். கூட எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ராத்திரி குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர் மறுநாள் கண் மங்குகிறது என்று சொல்வது இதனால்தான். அந்தப் பார்மிக் அமிலத்தையும் நாங்கள் தினமும் கையாள்கிறோம். நிறைநிறமாலைக் கருவியோடு குழலை இணைக்கும்போது ஓடும் திரவத்தில் 0.1 சதவீதம் சேர்ப்பது அதைத்தான்.

தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959லேயே தனி விதிகள் வந்துவிட்டன. உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும். ஒரு ஆய்வகத்தின் புட்டிக் கணக்கு ஒழுங்காக இருப்பது எனக்குத் தெரியும். டேங்கரில் போகும் மெத்தனாலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

மருத்துவமனையில் ஜி.சி. முடிவு வரும்வரை காத்திருப்பதும் இல்லை. பார்வை மங்கல், ரத்தத்தின் பிஎச் இறங்கியிருப்பது, குடித்த விவரம் இவற்றை வைத்தே தொடங்கிவிடுவார்கள். கல்லீரலின் அந்த நொதியை மெத்தனாலிடம் இருந்து திசைதிருப்ப ஃபோமெபிசோல் கொடுப்பார்கள். அது இல்லாத இடத்தில் அளந்து எத்தனால். ஆமாம், சாராயத்தில் இருந்திருக்க வேண்டிய அதே எத்தனால்தான். நொதிக்கு மெத்தனாலைவிட அதன்மேல் பிரியம் அதிகம். அது எத்தனாலைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டயாலிசிஸ் வைத்து மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் ரத்தத்தில் இருந்து வெளியேற்றுவார்கள். தண்ணீரை அவ்வளவு விரும்புகிற சின்ன மூலக்கூறு என்பதால் டயாலிசிஸ் சவ்வின் வழியே அது சுலபமாகப் போய்விடுகிறது.